கேட்கத் தொடங்குவது எப்படி? பேசிப் பழகிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

"யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்." யாக்கோபு 1:19. ஓய்வுநாள் பள்ளியில் உட்கார்ந்து வளர்ந்த பலருக்கு இது தலைகீழ்ப் பாடம். அப்படி மனப்பாடமாகத் தெரிந்த நாம்தான் ஜெபக்கூட்டத்தில் அடுத்தவர் சொல்லி முடிப்பதற்குள் "ஆமா பிரதர், எனக்கும் இதே மாதிரிதான்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். வசனம் எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் அதை எங்கிருந்து தொடங்குவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அதற்காக.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் கேட்கிறோம் என்று ஆகிவிடாது. தலையை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் பதிலைத் தயாரித்துக்கொண்டிருப்பவரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவர்கள் "எனக்கு இந்தப் பிரச்சினை இல்லை" என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

ஏன் வாய் முந்துகிறது?

ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லிநொடி என்று மொழியியலாளர்கள் பல மொழிகளில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 600 மில்லிநொடி ஆகிறது. கணக்கைப் பாருங்கள். எதிரே இருப்பவர் முடிப்பதற்கு முன்பே நம் பதில் தயாராகத் தொடங்கியிருந்தால்தான் இது சாத்தியம். அதாவது, அவர் சொல்லும் கடைசி வாக்கியத்தைப் பெரும்பாலும் நாம் அரைக் காதோடுதான் கேட்கிறோம். மனுஷர் பலர் முக்கியமானதைச் சொல்வது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என்பது வேறு விஷயம்.

இது உடலின் வழக்கம். மனதின் காரணம் இன்னொன்று இருக்கிறது. அதற்கு பேதுருவைப் பார்த்தால் போதும். மறுரூப மலையில் இயேசுவின் வஸ்திரம் பிரகாசிக்கிறது. மோசேயும் எலியாவும் நிற்கிறார்கள். உடனே பேதுரு, "மூன்று கூடாரங்களைப் போடுவோம்" என்கிறான். ஏன் அப்படிச் சொன்னான் என்பதை மாற்கு மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்: மிகவும் பயந்திருந்தார்கள், என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை (மாற்கு 9:6). என்ன பேசுவதென்று தெரியாததால் பேசினான்! அதற்கு மேகத்திலிருந்து வந்த பதில், "இவருக்குச் செவிகொடுங்கள்."

நாமும் அப்படித்தான். துக்க வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், அழுகிற ஒருவர் பக்கத்தில் நாம் சொல்லும் வார்த்தைகளில் பாதி அவருக்காக வருவதில்லை. அந்த அமைதி நமக்குத் தாங்க முடியாமல் இருப்பதால் வருகிறது. இதை ஒத்துக்கொண்டால் மீதி எல்லாம் பயிற்சிதான்.

முதல் வாரம்: கவனிக்க மட்டும்

எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் எந்த இடத்தில் குறுக்கிடுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். இரவு ஜெபத்துக்கு முன் அன்றைக்குப் பேசியதில் ஒரே ஒரு உரையாடலை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன்? அவர் சொன்னதைவிட நீங்கள் சொன்னதே அதிகம் ஞாபகம் வந்தால், பதில் கிடைத்துவிட்டது.

பொதுவாக ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். சிலர் அடுத்தவரின் வாக்கியத்தைத் தாங்களே முடித்துக் கொடுப்பார்கள். சிலருக்கு எதைச் சொன்னாலும் அதைவிடப் பெரிய அனுபவம் கைவசம் இருக்கும். சிலர் பிரச்சினை என்ற வார்த்தையைக் கேட்டாலே தீர்வோடு வந்து நிற்பார்கள். விசுவாசிகளிடம் கூடுதலாக ஒன்று உண்டு: "சரி, ஜெபிக்கலாம்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது. கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் இன்னும் பாதியைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். உங்களுடையது எது என்று கண்டுபிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் ஒன்றும் நடக்காது.

ஜெபத்திலிருந்து ஆரம்பியுங்கள்

தேவனிடம் நாம் எப்படிப் பேசுகிறோமோ அப்படித்தான் மனுஷரிடமும் பேசுகிறோம் என்பது என் கருத்து. பலருடைய ஜெபம் ஒரு பட்டியல். பட்டியல் முடிந்ததும் ஆமென். "தேவன் வானத்திலிருக்கிறார், நீ பூமியிலிருக்கிறாய், ஆதலால் உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக" என்று பிரசங்கி 5:2 சொல்வதை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

எளிமையான ஒரு முறை. ஒரு சங்கீதத்தில் நாலைந்து வசனம் போதும், முழு அதிகாரம் வேண்டாம். வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். ஒரு சொல்லோ வரியோ மனதில் தங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதைப் பற்றி இரண்டொரு வார்த்தை ஜெபியுங்கள். பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் உட்காருங்கள். புதிதாக நான் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், அமர்ந்திருத்தல் என்று இதை நான்கு படிகளாக வகுத்து எழுதியிருக்கிறார்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும்? முதல் நாட்களில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற யோசனை வரும், நேற்று ஒருவர் சொன்ன குத்தல் பேச்சு வரும். பரவாயில்லை. வந்ததை விரட்டிப் போராடாமல் அந்த வரிக்குத் திரும்பிவிடுங்கள். சத்தம் எதுவும் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். சாமுவேலைக் கர்த்தர் மூன்று முறை கூப்பிட்டும் அவன் ஆசாரியனாகிய ஏலியிடம்தான் ஓடினான். "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்ல அவனுக்கு இன்னொருவர் கற்றுத்தர வேண்டியிருந்தது (1 சாமுவேல் 3). தேவாலயத்திலேயே படுத்திருந்த பிள்ளைக்கே அப்படி என்றால் நமக்கு நாள் பிடிக்கும்தானே.

ஒருவர் முன் உட்காரும்போது

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு உரையாடலைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரிடமும் வேண்டாம். கணவர், மனைவி, பிள்ளை, உடன் வேலை செய்பவர், யாராவது ஒருவர். அந்த ஒரு உரையாடலில் இவற்றைச் செய்து பாருங்கள்.

போனைக் கவிழ்த்து வைப்பது போதாது, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அவர் முடித்ததும் ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இந்த ஒரு மூச்சுதான் எல்லாவற்றிலும் கடினம், எல்லாவற்றிலும் பலனும் இதில்தான். முடித்துவிட்டார் என்று நாம் நினைக்கும் இடத்தில் பலர் உண்மையில் மூச்சு வாங்குகிறார்கள். அந்த இடைவெளியை விட்டுக்கொடுத்தால் அடுத்த வாக்கியம் தானாக வரும்.

பிறகு, அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிக் கேளுங்கள். ஒரு உதாரணம். வாலிபர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு தம்பி மூத்தவர் ஒருவரிடம் சொல்கிறான்:

"அண்ணா, ரெண்டு மாசமா என்னால ஜெபிக்கவே முடியல."

வழக்கமாக என்ன நடக்கும்?

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது தம்பி. பிசாசு தர்ற சோர்வு அது. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பாரு. எனக்கும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சு..."

அண்ணன் நல்லவர், அக்கறையில் சொல்கிறார். ஆனால் தம்பி "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நாற்காலி அடுக்கப் போய்விடுவான். அதே இடத்தில் இப்படி நடந்தால்?

"ரெண்டு மாசமாவா?"

"ம்ம்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அண்ணன் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்கிறார்.

"அப்பா ஐசியூல இருந்தப்போ அவ்ளோ ஜெபிச்சேன்ணா. எல்லாரும் பிழைச்சிடுவார்னு சொன்னாங்க. இப்ப முழங்கால் போட்டா அதான் ஞாபகம் வருது."

முதல் உரையாடலில் இந்தத் தம்பிக்குச் சோம்பல். இரண்டாவதில் அவனுக்கு உடைந்த மனசு. ஆள் ஒன்றுதான். அண்ணன் செய்ததெல்லாம் இரண்டே சொல் கேட்டதும் நாற்காலியைக் கீழே வைத்ததும். "மனுஷனுடைய இருதயத்திலுள்ள யோசனை ஆழமான தண்ணீர்போலிருக்கிறது, புத்திமானோ அதை மொண்டெடுப்பான்" (நீதிமொழிகள் 20:5). மேலோட்டமாகக் கேட்டால் மேல்தண்ணீர்தான் கிடைக்கும்.

கேள்வி கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. "ஏன்" என்று தொடங்கும் கேள்விகள் விசாரணை மாதிரி ஒலிக்கும். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றால் அவர் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளத் தொடங்குவார். "அப்புறம் என்ன ஆச்சு?", "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். "உங்களுக்கு நான் என்ன செய்யணும்?" என்பதும் நல்ல கேள்வி. குருடனாகிய பர்திமேயுவுக்கு என்ன தேவை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் இயேசு, அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). உயிர்த்தெழுந்த அன்று எம்மாவு ஊருக்குப் போகும் சாலையிலோ இன்னும் வேடிக்கை. எருசலேமில் நடந்தவை என்னவென்று உலகத்திலேயே மிக நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். இருந்தும் "எவைகள்?" என்று கேட்டு, அந்த இரண்டு சீஷர்களும் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் சொல்லித் தீர்க்கும்வரை நடந்துகொண்டே வந்தார் (லூக்கா 24). வேதவாக்கியங்களை விளக்கியது அதற்குப் பிறகுதான்.

"நேரம் இல்லையே" என்பது நியாயமான சாக்கு. ஆனால் மாற்கு 5ஐ ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். யவீருவின் 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். வழியில் 12 வருஷமாகப் பெரும்பாடுள்ள (உதிரப்போக்கு நிற்காத) ஒரு ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமாகிவிடுகிறாள். வேலை முடிந்தது, போய்விடலாம். இயேசு நின்றார். அவள் வந்து நடந்த உண்மையையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை நின்றார். பக்கத்தில் யவீரு எப்படித் தவித்திருப்பான்! சுகம் ஏற்கெனவே கிடைத்துவிட்ட ஒருத்திக்கும் கேட்கப்படுவது தேவையாக இருந்தது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

நிஜமாகவே நேரம் இல்லாவிட்டால் பாதிக் காதோடு நிற்காதீர்கள். "இதை அவசரமா கேட்க எனக்கு மனசில்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள்.

வசனத்தை எப்போது எடுப்பது?

நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. யோபுவின் மூன்று நண்பர்களை நாம் சும்மா திட்டிவிடுகிறோம். அவர்கள் செய்த முதல் காரியம் அருமையானது: ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை (யோபு 2:13). நம்மில் எத்தனை பேரால் ஏழு நிமிடம் முடியும்? யோபு வாய்விட்டுப் புலம்பத் தொடங்கியதும்தான் கெட்டது. அவன் தேவனைப் பற்றிப் பேசிய விதம் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தேவனுக்காக வக்காலத்து வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: அவர்கள் பேசியதில் நிறைய சரியானவை. அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் யோபு 5:13ல் சொன்ன வார்த்தையை, ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார் என்று பவுலே 1 கொரிந்தியர் 3:19ல் வேதவாக்கியமாக எடுத்துக்காட்டுகிறார். ஆனாலும் யோபு அவர்களுக்கு வைத்த பெயர் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" (16:2). கடைசியில் கர்த்தரும் அவர்கள்மேல் கோபங்கொண்டார். வார்த்தை சரியாக இருந்தால் போதாது, அது யாரிடம், எப்போது சொல்லப்படுகிறது என்பதும் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஆகவே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி: துயரத்தில் இருப்பவரோடு முதல் சந்திப்பில், அவராகக் கேட்டாலொழிய, வசனம் சொல்லாதீர்கள். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் 8:28ஐ அடக்கம் முடிந்த அன்றே சொல்லவே சொல்லாதீர்கள். அது உண்மைதான். அவருக்கும் தெரியும். ஜெபிப்பதாக இருந்தாலும் முதலில் "இப்ப ஜெபிக்கலாமா, இல்ல கொஞ்ச நேரம் சும்மா உட்காரலாமா?" என்று கேளுங்கள். ஜெபித்தால் அவர் சொன்ன சொற்களையே எடுத்து ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்கும் கலையில் நாம் தேறியவர்கள்: "ஆண்டவரே, இந்தச் சகோதரி தன் கோபத்தை விட்டுவிட உதவும்" என்று. கண்ணை மூடியிருந்தாலும் அவருக்குக் காது கேட்கும்.

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" (நீதிமொழிகள் 18:13). எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் பாரம் நம் தலையில் இல்லை. தேற்றரவாளனாகப் பரிசுத்த ஆவியானவர் ஏற்கெனவே இருக்கிறார். இதை நம்புகிறவருக்கு அமைதி அவ்வளவு பயமாக இராது.

அங்கே இல்லாதவரைப் பற்றி

பேச்சைக் குறைக்க எளிதான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஜெர்மனியில் நாத்சி ஆட்சிக் காலத்தில், 1935 முதல் 1937 வரை, தீத்ரிஷ் போன்ஹோஃபர் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் போதகர்களுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தினார். அங்கே ஒரு விதி இருந்தது: உடன் படிப்பவர் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். விதியின் இரண்டாம் பாதிதான் வேலை செய்கிறது. போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் நாக்கு தானே சுருங்கும். ஒரு வாரம் வீட்டில் செய்து பாருங்கள்.

"ஜெபக் குறிப்புக்காகச் சொல்றேன்" என்று ஆரம்பிக்கும் செய்திகளும் இதில் அடக்கம். ஒருவருக்காக ஜெபிக்க அவர் வீட்டு விவரம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேளுங்கள்.

கோபம் வரும்போது மேலே சொன்ன எதுவும் ஞாபகம் வராது. அதற்கு ஒன்று மட்டும்: நீங்கள் பதில் சொல்வதற்கு முன் எதிராளியின் வாதத்தை அவர் "ஆமா, அதைத்தான் சொல்றேன்" என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே கரைந்துவிடும். மீதிப் பாதி நிஜமான சண்டை, அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பேசியே ஆக வேண்டிய இடங்கள்

குறைவாகப் பேசு என்ற போதனையை ஆயுதமாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அடிவாங்கும் மனைவியிடம், ஏமாற்றப்பட்டவரிடம், தவறைத் தட்டிக்கேட்கும் இளைஞரிடம் "சும்மா இரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வது யாக்கோபு 1:19 வசனத்தின் பொருள் அல்ல. "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்பதும் அதே நீதிமொழிகள் புத்தகத்தில்தான் இருக்கிறது (31:8). அதிகமாகப் பேசும் பழக்கமும் அதிகாரமும் உள்ளவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. ஏற்கெனவே அடக்கிவைக்கப்பட்டவர்கள் இதைப் படித்து இன்னும் ஒடுங்க வேண்டியதில்லை.

இன்னொரு இடம். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால், கேட்பதற்கு முன்பே சத்தியம் செய்யாதீர்கள். "உங்க உயிருக்கோ வேற யாருக்காவதோ ஆபத்துன்னா நான் உதவி தேட வேண்டியிருக்கும், மத்தபடி என்னோட இருக்கும்" என்று சொல்லுங்கள். பேச்சில் சாவின் நிழல் தெரிந்தால் சுற்றி வளைக்காமல் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடமோ நெருக்கடி உதவி எண்ணிலோ சேர்த்துவிடுங்கள். அங்கே கேட்பது மட்டும் போதாது.

சறுக்கும்போது

சறுக்குவீர்கள். எகிப்துப் பாலைவனத் துறவிகளில் ஒருவரான அகத்தோன் மௌனம் பழக மூன்று வருஷம் வாயில் ஒரு கல்லை வைத்திருந்தார் என்று அவர்களுடைய மரபு சொல்கிறது. வனாந்தரத்தில், பேச ஆளே அதிகம் இல்லாத இடத்தில், அவருக்கே மூன்று வருஷம்!

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் சங்கீதம் 141:3ஐ ஒருமுறை சொல்லிக்கொள்ளலாம்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." அதையும் மீறி இடையில் புகுந்துவிட்டால், உணர்ந்த அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் அதுவும் உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும். "நான் குறுக்க வந்துட்டேன். அம்மாகிட்ட பேசினேன்னு சொல்லிட்டிருந்தீங்க, சொல்லுங்க" என்று அவர் விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். விட்ட இடம் எதுவென்று ஞாபகம் இல்லையென்றால் அதையும் அவரிடமே கேளுங்கள்.